முப்பத்திரண்டாம் வீடு பூட்டியிருந்தது

பிப்ரவரி 3, திங்கள்

மதுரையில் ஒரு நாள் பயிற்சி. அலுவலகத்தில் ஆளுக்கொரு நோட்டுக் கொடுத்தார்கள். தினமும் எத்தனை வீடு போனோம், என்ன இடைஞ்சல் என்று அதில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இது அந்த நோட்டு இல்லை. அந்த நோட்டில் எழுத முடியாததை எழுதுவதற்கு நானாக வாங்கி வைத்தது.

இருபத்திரண்டு வருடத்தில் ஆடு மாடு கணக்கு, வாக்காளர் பட்டியல், கழிப்பறை கணக்கு எல்லாம் எடுத்தாயிற்று. செங்கரட்டுப்பட்டியில் அமராவதி என்றால் யாருக்கும் தெரியாது, கணக்கெடுக்கிற அம்மா என்றால் நாய்கூடக் குரைக்காது. இந்தத் தடவை எண்ணுவது ஆட்டையும் மாட்டையும் இல்லை, அபிப்பிராயத்தை. ஆடு ஓரிடத்தில் நிற்கும். அபிப்பிராயம் நிற்குமா என்று பார்க்க வேண்டும்.

விஷயம் மூன்று. ஊருக்கு ஒரு போதை மறுவாழ்வு மையம் வேண்டுமா? அதற்கு இடம் விட, இங்கே இருக்கும் முன்னாள் படைவீரர் கிளினிக்கைத் தேனிக்கு மாற்றலாமா? மரம் இறக்குவதற்காகப் போட்ட, மலைக்கு ஏறும் கூப்பு ரோட்டைப் பொதுமக்களுக்கு மூடிவிடலாமா? கஞ்சாவும் மாத்திரையும் மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அந்த ரோட்டு வழியாகத்தான் இறங்குகின்றன என்று பேச்சு. ஊர் என்ன சொல்கிறதோ அதைப் பார்த்து மாவட்ட நிர்வாகம் முடிவெடுக்குமாம். எடுக்கட்டும்.

நான்காவதாக ஒரு கேள்வி: உங்கள் வீட்டில் யாருக்காவது போதைப் பழக்கம் உண்டா? உண்டு என்றால் 1, இல்லை என்றால் 2, சொல்ல விருப்பமில்லை என்றால் 9.

மேற்பார்வையாளர் பெயர் சகாயராணி. முப்பது வயது இருக்கும். "அம்மா, நீங்க அவங்க வாயில வார்த்தையைப் போடக்கூடாது. அவங்க சொன்னத அப்படியே எழுதணும்" என்று மூன்று தடவை சொன்னாள். நான் இந்த வேலைக்கு வந்தபோது அவள் பால்வாடி போயிருப்பாள். தலையை ஆட்டிக்கொண்டேன்.

பிப்ரவரி 4, செவ்வாய்

இன்று வார்டு முழுக்க நடந்து வீடுகளுக்கு எண் போட்டு, தெருவைப் படமாக வரைந்தேன். தண்ணீர்த் தொட்டியில் ஆரம்பித்து, வீடுகளை வலது கைப்பக்கமே வைத்துக்கொண்டு போக வேண்டும். முதலில் நான்காம் வீடு, அப்புறம் ஏழு ஏழாக. எந்தெந்த வீடு விழும் என்று முன்கூட்டியே எண்ணிப் பார்க்கக் கூடாது, பார்த்தால் மனம் சாயும் என்பது விதி. நான் எண்ணிப் பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை கிளினிக் நாள். பழைய பஞ்சாயத்துக் கட்டடத்து வாசலில் பட்டாளத்து ஆட்கள் பத்துப் பதினைந்து பேர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். என் வீட்டுக்காரர் ஒரு வருடமாகப் போவதில்லை. இடுப்பில் தகடு வைத்த ஆள். போன வருடம் புதிதாக வந்த டாக்டர் அந்த வலி மாத்திரையை நிறுத்திவிட்டார். அதிலிருந்து அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. வலி குறைந்துவிட்டது என்கிறார். நல்லதுதான்.

பால்காரர் இன்றும் வரவில்லை. வரக்காப்பி.

பிப்ரவரி 5, புதன்

எட்டு வீடு.

பெருமாயி வீட்டில் முக்கால் மணி நேரம் ஆனது. மலையில் சீமாத்துப்புல் அறுத்து வந்து விளக்குமாறு கட்டுகிறவள். கட்டிக்கொண்டே பதில் சொன்னாள்.

"கூப்பு ரோட்ட மூடலாமா?"

"மூடணும் மதினி. விடியமுன்ன மோட்டார் சைக்கிள்ல டர்ரு டர்ருனு போறாங்ய, வாறாங்ய. நாசமாப் போறதுக்குன்னே ஒரு ரோடா? சங்கிலியப் போட்டுப் பூட்டச் சொல்லு."

"அப்ப நீ புல்லு அறுக்க எப்படிப் போவ?"

"நான் போவேன்ல."

"மூடிட்டா எப்படிப் போவ?"

விளக்குமாற்றைத் தரையில் தட்டி நிமிர்த்திவிட்டு என்னைப் பார்த்தாள். "என்ன விட்டுட்டு மூடச் சொல்லு. இதக்கூட எழுதத் தெரியாமத்தான் ஒன்னிய அனுப்புனாகளா?"

அப்படியே எழுதினேன். "என்ன விட்டுட்டு மூடச் சொல்லு." இன்று பார்த்த எட்டு வீட்டில் ஆறு வீட்டின் கருத்து, வேறு வேறு சொற்களில், இதுதான். மலைமாடு மேய்க்கிறவர் மாட்டை விடச் சொல்கிறார். நெல்லிக்காய் பொறுக்குகிறவர் நெல்லிக்காய்க்கு விடச் சொல்கிறார். மறுவாழ்வு மையமும் அவசியம் வேண்டும், பக்கத்து ஊரில்.

நான்காவது கேள்விக்கு எட்டு வீட்டிலும் இல்லை என்றார்கள்.

பிப்ரவரி 6, வியாழன்

சுபேதார் அய்யணன் வீடு ஏழுக்கொன்று கணக்கில் விழுந்தது. முன்னாள் படைவீரர் சங்கத் தலைவர். நான் போவதற்கு முன்பே சட்டையை மாற்றிக்கொண்டு தயாராக இருந்தார்.

"கிளினிக்க இங்கருந்து ஒரு செங்கல் அசைக்க விடமாட்டோம். எழுதுங்க. தேனிக்குப் போக வர ரெண்டு பஸ்ஸு மாறணும். ஒத்தக் கால் இல்லாதவன் ரெண்டு பஸ்ஸு மாறுவானா? நாட்டுக்குக் கொடுத்த கால்மா அது."

பேச்சில் நியாயம் இருந்தது. மையத்தைப் பற்றிக் கேட்டபோது குரல் மாறிவிட்டது. "கஞ்சாக் குடிக்கிற பயலுகளுக்கு எங்க கட்டடமா? எங்க ஆளுக அந்த வாசல்ல எப்படி ஏறுவாங்க? பாக்கிறவன் என்ன நெனப்பான்?"

"பட்டாளத்து ஆளுகள்ல யாருக்கும் அந்தப் பழக்கம் இருக்காதுங்களா?" என்று கேட்டுவிட்டேன். படிவத்தில் இல்லாத கேள்வி. கேட்டிருக்கக் கூடாது.

"பட்டாளத்தான் ரம்மு குடிப்பான். அது ராணுவம் குடுத்தது. அது பழக்கமில்லம்மா, மரியாத" என்றார். பிறகு, "குருவையா எப்படி இருக்கான்? சங்கத்துப் பக்கம் ஆளக் காணமே" என்றார்.

நன்றாக இருக்கிறார் என்றேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

வீட்டுக்காரர் காலை ஆறு மணிக்கு மலைக்கோவிலுக்குக் கிளம்பினார். வெள்ளி தவறாமல் போகிறார். பதினொரு மணிக்குத் திரும்பிவிட்டார். முகம் தெளிவாக இருந்தது. பருப்புக்குழம்பு பிரமாதம் என்றார். உப்புப் போட மறந்திருந்தேன்.

முப்பத்திரண்டாம் வீடு பூட்டியிருந்தது. விதிப்படி அடுத்த வீட்டை எடுத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 8, சனி

விடுமுறை. மோர் மிளகாய் காயப் போட்டேன். போர்வைகளை வெயிலில் விரித்தேன். தகரப்பெட்டியைத் துடைத்தேன். அவருடைய பழைய யூனிஃபார்முக்கு அடியில் மாத்திரை அட்டை பதினொன்று. வியாழக்கிழமை இரண்டு இருந்தது. எண்ணுவது இருபத்திரண்டு வருடப் பழக்கம், கை தானாகச் செய்கிறது. இருந்த மாதிரியே மடித்து வைத்தேன்.

பிப்ரவரி 10, திங்கள்

இதுவரை முப்பத்தைந்து படிவம். நான்காவது கேள்விக்கு முப்பத்தைந்தும் 2.

இன்று ஒரு வீட்டில் தகப்பன் "எங்க வம்சத்துலயே கெடையாதுங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது, பின்னால் கட்டிலில் இருபது வயது மகன் பகல் பன்னிரண்டு மணிக்கு வாய் திறந்தபடி கிடந்தான். ஈ உட்கார்ந்தும் அசையவில்லை. தகப்பன் என் கண் போகிற இடத்தைப் பார்த்தார். நகர்ந்து, மறைத்து நின்றுகொண்டார். நான் 2 எழுதினேன். அவர் கேட்காமலே மோர் கொண்டுவந்து கொடுத்தார்.

சொன்னதை எழுதுவதுதான் என் வேலை. ஊர் பொய் சொன்னால் அது ஊரின் பொய். அழகாக, கட்டத்துக்குள், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

பிப்ரவரி 12, புதன்

சகாயராணி சரிபார்க்க வந்தாள். பத்துக்கு ஒரு வீடு அவளே போய், அம்மா வந்தாங்களா, என்ன கேட்டாங்க என்று விசாரிப்பாள். பூட்டிய வீடு என்று எழுதியிருந்தால் அதைக் கட்டாயம் பார்ப்பாள். அது எனக்கு முன்பே தெரியும். இருந்தாலும் எழுதினேன்.

நான் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் உட்கார்ந்து காத்திருந்தேன். படிவங்களை அடுக்கினேன். பிரித்தேன். மறுபடி அடுக்கினேன். முக்கால் மணி நேரம் கழித்து வந்தாள்.

"அம்மா, அந்த முப்பத்திரண்டாம் வீடு தெறந்துதான் இருக்கு. மிலிட்டரிக்காரர் ஒருத்தர் இருக்கார்."

"ஆமா."

"நீங்க வந்தீங்களான்னு கேட்டேன். வந்தாங்க, நான்தான் வெள்ளிக்கிழமை மலைக்குப் போயிருந்தேன், வீடு பூட்டிக் கெடந்துச்சுன்னு சொன்னார். நீங்க மாத்தி எடுத்த வீட்ட அடிச்சிருங்க. ஒரு வாரத்துக்குள்ள ஆள் கிடைச்சா அதே வீட்டத்தான் எடுக்கணும்."

நான் பேனா மூடியைத் தேடினேன். கையில்தான் இருந்தது.

"நாளைக்கு மத்தியானம் வரச் சொன்னார்மா. மூணு மணிக்கு இருப்பேன், கட்டாயம் வரச் சொல்லுங்கன்னு ரெண்டு தடவ சொன்னார். நல்ல மனுஷன். தண்ணி குடுத்தார்."

அவளுக்குத் தெரியவில்லை. வாசலில் அவர் பெயர் மட்டும்தான் இருக்கிறது. ஹவில்தார் குருவையா, ஓய்வு. என் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை.

நான்காம் தேதி எழுதியது பொய். அன்றைக்கே எண்ணிப் பார்த்தேன். நான்கு, பதினொன்று, பதினெட்டு, இருபத்தைந்து, முப்பத்திரண்டு. நம் வீட்டு வாசலில் வந்து நின்றது. கணக்கெடுப்பவரின் சொந்த வீடு விழுந்தால் மேற்பார்வையாளரிடம் சொல்ல வேண்டும், அவர் வந்து கேட்பார். அந்த விதியும் தெரியும். அவள் கேட்டு அவர் சொல்லிவிடுவாரோ என்று பயம். இல்லை என்று சொல்லி, அதை அவள் என் கண் முன்னால் எழுதுவாளோ என்றும் பயம். அதனால் முதல் நாளே எடுக்க வேண்டியதை வெள்ளிவரை தள்ளி, ஆள் உட்கார்ந்திருந்த வீட்டுக்குப் பூட்டுப் போட்டேன்.

வீட்டுக்குப் போனதும் அவர் ஒன்றும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. இரவுக்குத் தோசை.

பிப்ரவரி 13, வியாழன்

மூன்று மணிக்கு வெளியே போய், செருப்பைப் போட்டுக்கொண்டு, அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டி, கதவைத் தட்டினேன். இந்தக் கதவை நான் தட்டியது இதுதான் முதல் தடவை.

"வாங்க" என்றார். சட்டை மாற்றியிருந்தார். எனக்கு ஒரு நாற்காலி இழுத்துப் போட்டு வைத்திருந்தார்.

"வணக்கம். என் பேரு அமராவதி. மாவட்ட நிர்வாகத்துக்காகக் கருத்துக் கேக்க வந்திருக்கேன். நீங்க சொல்ற எதையும் உங்க பேரச் சொல்லி யார்கிட்டயும் சொல்ல மாட்டோம். பிடிக்காத கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதில்ல. ஆரம்பிக்கலாமுங்களா?"

"ஆரம்பிங்க மேடம்."

கிண்டலாகச் சொல்கிறாரா என்று பார்த்தேன். இல்லை. அதிகாரி முன்னால் உட்காருகிற மாதிரி உட்கார்ந்திருந்தார், வலி உள்ள இடுப்பைக் கொஞ்சம் சாய்த்து.

"வயசு?"

"அறுபத்தொண்ணு."

அறுபது என்று எழுதி வைத்திருந்தேன். அடித்தேன். இந்த வேலையில் என் முதல் அடித்தல்.

"போதை மறுவாழ்வு மையம் வேணுமுங்களா?"

"வேணும்."

"இந்த ஊர்லயா, வேற ஊர்லயா?"

"இந்த ஊர்லதான். நடந்து போற தூரத்துல இருக்கணும். பஸ்ஸேறிப் போன்னு சொன்னா, போறவன் பாதி வழியில எறங்கி வேற பக்கம் போயிருவான்."

எழுதினேன்.

"படைவீரர் கிளினிக்க மாத்தலாமுங்களா?"

"வேணாம். ரெண்டும் ஒரே கட்டடத்துல இருக்கட்டும். எழுதிக்கங்க. டாக்டர் அந்த மாத்திரைய நிறுத்துனது சரிதான். நிறுத்துனவுக, நிறுத்துனதுக்கப்புறம் ஒருத்தன் ராத்திரி பகல எப்படித் தள்ளுவான்னு சொல்லல. அதச் சொல்றதுக்கு ஒரு ஆளு அங்க உக்காந்திருந்தா அந்த ரோட்டுல பாதிப் பேரு ஏறமாட்டான்."

எழுத இடம் போதவில்லை. பின் பக்கத்தில் தொடர்ந்தேன். அவர் காத்திருந்தார்.

"கூப்பு ரோட்ட மூடலாமுங்களா?"

"மூடணும். புல்லு அறுக்கிறவுக, மாடு மேய்க்கிறவுகளுக்கு மட்டும் பேர் போட்டுப் பாஸ் குடுங்க. மத்தவுகளுக்கு மூடிருங்க."

"காரணம்?"

"தெறந்திருந்தா நான் போவேன்."

வெளியில் பெருமாயியின் குரல் கேட்டது, யாரிடமோ சீமாத்து விலை பேசிக்கொண்டு போனாள். அது தாண்டிப் போகும்வரை காரணத்தை எழுதிக்கொண்டிருந்தேன்.

"கோவில் வரைக்கும் நான் ஏறி ஒரு வருஷமாச்சு" என்றார். அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

நான்காவது கேள்வியை நான் நாற்பது வீட்டில் மனப்பாடமாகக் கேட்டிருக்கிறேன். தாளைப் பார்த்துப் படித்தேன். "உங்கள் வீட்டில் யாருக்காவது போதைப் பழக்கம் உண்டா?"

"உண்டு. ஒண்ணு போடுங்க."

"எத்தன பேருக்கு?"

"ஒருத்தருக்கு."

"அது குடும்பத்துல உள்ளவங்களுக்குத் தெரியுமா?"

இது துணைக் கேள்வி. 1 என்று சொன்னால்தான் கேட்க வேண்டும். இதுவரை எந்த வீட்டிலும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

அவர் என்னைப் பார்க்கவில்லை, அடையாள அட்டையைப் பார்த்துச் சொன்னார். "வீட்டம்மாவுக்குத் தெரியும். பெட்டியில எத்தன அட்டைன்னு எண்ணி வைக்கிறா. கேக்க மாட்டா. ஊரு பூரா வீடு வீடாப் போயிக் கேப்பா, இங்க கேக்க மாட்டா."

அவர் சொன்னதை அப்படியே எழுதினேன். 'எண்ணி' என்ற சொல் கட்டத்தைத் தாண்டிவிட்டது. எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. என் மேல் அருவருப்பாக இருந்தது.

"உங்க நேரத்துக்கு நன்றிங்க" என்று முடித்தேன். முடிக்க வேண்டிய சொல் அதுதான். எழுந்து வெளியே போய், செருப்பைக் கழற்றிவிட்டு, அட்டையைக் கழற்றிவிட்டு, உள்ளே வந்து காப்பி போட்டேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

காலை ஆறு மணிக்குக் கிளம்பினார். கோவிலுக்கு என்று சொல்லவில்லை. "போயிட்டு வாரேன்" என்றார். கூப்பு ரோடு திறந்துதான் இருக்கிறது.

படிவங்களை மதுரைக்கு அனுப்பினேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது சகாயராணி போன் செய்தாள்.

"அம்மா, உங்க வார்டுல நாப்பது படிவம். நாலாவது கேள்விக்கு முப்பத்தொம்போது ரெண்டு, ஒரே ஒரு ஒண்ணு. முப்பத்திரண்டாம் வீடு. அந்த மிலிட்டரிக்காரர். கை தவறிப் போட்டுட்டீங்களா?"

"இல்லம்மா."

"கம்ப்யூட்டர் தவறுன்னு காட்டுது. சுத்திலயும் ரெண்டா இருக்கறப்ப ஒண்ணு தனியா வந்தா பெரும்பாலும் எழுத்துப் பிழைதான். ரெண்டுன்னு மாத்திரவா?"

"மாத்தாதீங்க."

"பெரியவர் கேள்வி புரியாமச் சொல்லியிருக்கலாம்ல?"

"புரிஞ்சுதான் சொன்னார்."

"அது எப்படிம்மா உங்களுக்குத் தெரியும்?"

இதோடு நிறுத்தியிருக்கலாம். புரிந்ததாகத்தான் தோன்றியது என்று சொல்லியிருந்தால் போதும், படிவம் நின்றிருக்கும். இந்த ஊரில் ஒருவராவது உள்ளதைச் சொன்னார் என்று கணக்கில் ஏறியிருக்கும். ஆனால் ஒரு வருடமாக யாராவது என்னிடம் கேட்க வேண்டும் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

"அவர் என் வீட்டுக்காரர்" என்றேன்.

அவள் "அம்மா" என்றாள். மேற்பார்வையாளர் குரலில் இல்லை. "சொந்த வீட்டுப் படிவம் செல்லாதும்மா. நான் ரத்து செஞ்சுதான் ஆகணும். நீங்க மாத்தி எடுத்த வீட்டத்தான் திருப்பிச் சேக்கணும்."

"தெரியும்மா. செய்யுங்க."

"அவருக்கு… எதாவது நான் விசாரிக்கவா? மதுரையில எங்க அண்ணனக் காமிச்ச எடம் ஒண்ணு இருக்கு."

அவள் அண்ணனைப் பற்றி நான் கேட்கவில்லை. இடத்தின் பெயரை எழுதிக்கொண்டேன். அவள் சொன்னதை அப்படியே.

ஆக, முடிவு: நாற்பது வீடு, நாற்பதும் இல்லை. செங்கரட்டுப்பட்டி நான்காம் வார்டில் போதைப் பழக்கம் ஒருவருக்கும் கிடையாது. மறுவாழ்வு மையத்துக்குத் தேவை இல்லை என்று அறிக்கையில் வரலாம். நாற்பதாவதாகத் திரும்பிச் சேர்ந்த அந்த மாற்று வீட்டுக்காரர்கள் எனக்கு முறுக்கு கொடுத்தார்கள்.

பிப்ரவரி 21, வெள்ளி

ஆறு மணிக்கு அவர் வாசல் படியில் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். இடது காலுக்குக் குனிய முடியாமல் இரண்டு தடவை நிமிர்ந்தார். நான் கோலப்பொடிக் கிண்ணத்தோடு நின்றிருந்தேன். கழுத்தில் அட்டை இல்லை, கையில் படிவம் இல்லை.

"ஏங்க, வலிக்குதா?" என்று கேட்டேன்.

ஷூ கயிற்றைப் பிடித்தபடி அப்படியே இருந்தார். அவர் பதில் சொல்ல எடுத்துக்கொண்ட நேரத்தை வேறு எந்த வீட்டிலும் நான் கொடுத்ததில்லை.

"வலிக்குது அமரா" என்றார். "ரொம்ப வலிக்குது."

கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஏழு இருபதுக்கு மதுரை பஸ் இருக்கிறது என்றேன். இரண்டு பேருக்கும் இட்லி கட்டினேன். பாதி வழியில் இறங்கிவிடாதபடி ஜன்னல் பக்கம் அவரை உட்கார வைத்து, நான் வெளிப்பக்கம் உட்கார்ந்துகொண்டேன்.